விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் படிக்கட்டு நன்றாக இருக்கிறது. ஏறி வரும்போதே பார்த்தேன். பதினெட்டுப் படி, எல்லாம் ஒரே உயரம். இப்போதெல்லாம் கடைசிப் படியை மட்டும் அரை அங்குலம் கூட்டியோ குறைத்தோ ஒப்பேற்றிவிடுகிறார்கள், வருகிறவன் எல்லாம் அதில்தான் தடுக்கி விழுகிறான். இதைக் கட்டிய மேஸ்திரி பொறுமைசாலி. மூன்றாவது படியின் ஓரம் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது, பூசச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதிய அறிக்கையைப் படித்தேன். சுத்தமான அறிக்கை. ஒரே ஒரு வார்த்தையைத்தான் மாற்ற வேண்டும். "பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு அலுவலக ஆய்வாளரின் கவனக்குறைவால் செவ்வாய்க்கிழமை காலை வீட்டின் படிக்கட்டு இடிந்து, இருபத்து மூன்று வயதுப் பெண் இறந்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆய்வாளர் நான். இறந்தவள் என் தங்கை மகள். இருபத்தாறு வருட வேலையில் என்னைக் கவனக்குறைவானவன் என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் படிக்கட்டுச் சுவரை மாதம் தவறாமல் போய்ப் பார்த்தவன் நான், அங்கே எதுவும் கவனக்குறைவாக நடக்கவில்லை. இதைச் சொல்லத்தான் வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நூற்று முப்பது வருடத்து மாடி வீடு. கூடத்திலிருந்து வளைந்து மேலே போகும் கல்படிதான் அதன் அழகு. ஒவ்வொரு படியும் ஒரே கல். ஒரு முனை சுவருக்குள் சொருகியிருக்கும், மறுமுனை அந்தரத்தில் நிற்கும். கீழே தூண் இல்லை, முட்டு இல்லை. சுவர் பிடித்துக்கொண்டிருக்கும் வரை பீரோவைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஏறலாம். சுவர் விட்டுவிட்டால் ஒரு படி மட்டும் விழாது, வரிசையாக எல்லாம் வந்துவிடும். அதன் ஓரத்தில் மரக் கைப்பிடி, எங்கே ஒட்டு என்று கண்டுபிடிக்கவே முடியாத வேலை. தங்கைக்குக் கல்யாணம் பேச அந்த வீட்டுக்குப் போனபோது எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள், நான் படிக்கட்டைப் பார்த்தேன். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் என்னைக் கிண்டல் பண்ணுவார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, துவைத்த துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் தங்கை மாடிக்கு ஏறினாள். வளைவில் கைப்பிடியைப் பிடித்தாள். அது அவள் கையோடு வந்துவிட்டது. அவள் கூடத்துத் தரையில் விழுந்தபோது மாப்பிள்ளை பத்தடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் கணக்கு வாத்தியார். ஆள் சாதுதான், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. ஆனால் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "பார்த்துக்கலாம்." குழாய் ஒழுகினால் பார்த்துக்கலாம், பல் வலித்தால் பார்த்துக்கலாம். கைப்பிடி ஆடுகிறது என்று தங்கை இரண்டு வருடம் சொன்னாள். அதற்கும் பார்த்துக்கலாம்.

தங்கை உயிர் போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவர் கண்ணீர் சட்டையைத் தாண்டி உடம்பில் பட்டபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. இந்த ஆளைச் சும்மா விடப்போவதில்லை என்று அந்த வராந்தாவிலேயே முடிவு செய்துவிட்டேன்.

எனக்குக் கை நீட்டத் தெரியாது. குரல் உயர்த்திச் சண்டை போட்டதும் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது. அதனால் அந்த வீட்டைப் பாதுகாத்தேன்.

நாற்பத்திரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான், எங்கள் குழுத் தலைவர் அதைப் படித்துவிட்டு எழுந்து வந்து கை கொடுத்தார். வீடு முதல் தரப் பட்டியலில் ஏறியது. வாசலில் பித்தளைப் பலகை மாட்டினோம். மாப்பிள்ளை கைதட்டினார், பாவம். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் தரத்தில் ஏறிய வீட்டில் எங்கள் அனுமதி இல்லாமல் சொந்தக்காரர் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது என்பது அவருக்கு அப்போது தெரியாது. தங்கை இருக்கும்போது அவர் சரிசெய்யாத படிக்கட்டை இனி எப்போதும் சரிசெய்ய முடியாதபடி செய்தேன். அது நியாயமாகவே எனக்குப் பட்டது. இன்றைக்கும் படுகிறது.

அவர் விண்ணப்பம் போட ஆரம்பித்தார். விண்ணப்பம் வந்து அறுபது நாளுக்குள் நாங்கள் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆனால் நடுவில் ஏதாவது விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டால் அறுபது நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நான் ஐம்பத்தெட்டாவது நாள் கடிதம் போடுவேன். புகைப்படத்தில் அளவுகோல் வைக்கவில்லை. வரைபடம் மடிப்பில் கிழிந்திருக்கிறது. சுண்ணாம்பும் மணலும் என்ன விகிதம் என்று குறிப்பிடவில்லை. எல்லாம் முறையான கேள்விகள், நீங்கள் எந்த நிபுணரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஒருநாள் அவரே அலுவலகத்துக்கு வந்தார். வெளியே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டேன்.

"மச்சான், படி லேசா ஆடுற மாதிரி இருக்கு. அடியில இரும்புல ஒரு முட்டு குடுத்துக்கறேன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"முதல் தரம், மாப்பிள்ளை. இரும்பு ஆகாது."

"வயசுப் பொண்ணு ஏறி இறங்குற வீடு, மச்சான்."

"பார்த்துக்கலாம்" என்றேன்.

அவர் சிரித்தார், நான் அவரைக் கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டு. அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னதில் எனக்குக் கிடைத்த நிம்மதியை உங்களுக்கு விளக்க முடியாது. அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

போன வருடம் அந்தச் சுவரில் விரிசல் விட்டது. படிகள் சொருகியிருக்கும் அதே சுவர். விரிசல் வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஓர் எளிய வழி இருக்கிறது. விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை விரிசலின் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமென்ட்டால் இறுக்கி, பக்கத்தில் தேதி எழுதிவிடுவோம். சுவர் ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் கண்ணாடி பட்டென்று உடைந்துவிடும். உடைந்தால் அன்றே ஆட்களை வெளியேற்ற வேண்டும்.

முதலில் நான் ஒழுங்காகத்தான் ஒட்டினேன். பதினேழாவது நாள் போனபோது உடைந்திருந்தது. வீட்டில் யாரும் இன்னும் பார்த்திருக்கவில்லை. துண்டுகளைக் கைக்குட்டையில் பொறுக்கிக்கொண்டு, அதே அளவில் புதுக் கண்ணாடி வைத்தேன். இந்த முறை சிமென்ட் வைக்கவில்லை. ஜன்னல் இடுக்கை அடைப்பார்களே, அந்த ரப்பர் பசையை வைத்து, மேலே சிமென்ட் தூளைத் தூவித் தடவிவிட்டேன். ரப்பர் இழுபடும். சுவர் எவ்வளவு விலகினாலும் கண்ணாடி முழுசாக இருக்கும். பழைய தேதியையே எழுதினேன். "கண்ணாடி உடையாத வரைக்கும் பயமே இல்ல" என்று அப்பாவையும் மகளையும் நிற்க வைத்துச் சொன்னேன்.

தங்கை மகள் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற பெண், எதையும் சரிபார்க்காமல் விடமாட்டாள். தினமும் காலையில் இறங்கும்போது கண்ணாடியை விரலால் தடவிப் பார்ப்பாள். வாரம் ஒரு தடவையாவது போன் பண்ணி, "மாமா, உங்க கண்ணாடி சௌக்கியமா இருக்கு" என்பாள். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவள் போன் வந்தால் அன்று முழுவதும் மனசு லேசாக இருக்கும்.

அவளும் அந்தப் படியில்தானே இறங்குகிறாள் என்று கேட்கிறீர்கள். யோசிக்காமல் செய்வேனா? மாப்பிள்ளை தொண்ணூற்று நான்கு கிலோ, படியின் நடுவில் தொப் தொப்பென்று மிதித்து ஏறுவார். அவள் நாற்பத்தாறு கிலோ, சுவர் ஓரமாகச் சத்தமில்லாமல் இறங்குவாள். கல்படியில் சுவர் ஓரம் பலம், வெளி ஓரம் பலவீனம். அந்தப் படி விழுந்தால் அவர் ஏறும்போதுதான் விழும். காகிதத்தில் மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடியை ஒட்டினேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. கட்டிலைக் கூடத்துக்கு இறக்கிப் போட்டுக்கொண்டார். மாடியில் அவள் மட்டும்தான் படுத்தாள். மூட்டு சரியாகி அவர் மறுபடி மேலே ஏறுவார் என்று நான் ஐந்து மாதம் காத்திருந்தேன். இனிமேல் படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடியால் எனக்குப் பிரயோஜனம் இல்லை. அதனால் பழுதுபார்க்கும் உத்தரவைத் தயார் செய்து போன வெள்ளிக்கிழமை கையெழுத்தும் போட்டேன். என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். திங்கட்கிழமை போய்க் கண்ணாடியை நானே உடைத்து, அவளைக் கீழே படுக்க வைத்துவிட்டு, முட்டு கொடுக்க ஆள் விடுவதாக இருந்தேன். மாப்பிள்ளைக்கு வேறு ஏதாவது யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். எதிர் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாமா, நேராவே கேக்கறேன். அப்பா மேல உங்களுக்கு என்ன கோவம்? ஒவ்வொரு தடவையும் ஃபைல் திரும்பித் திரும்பி வருது. அம்மா விஷயமா?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"அப்பா கார்பென்டரைக் கூட்டிட்டு வந்தாரு மாமா. அம்மா போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி. நீங்க அன்னைக்கு வீட்டுக்கு வந்திருந்தீங்க. 'இந்த மாதிரி கைப்பிடி இந்த ஊர்லயே வேற இல்ல, இதுல எவனும் ஆணி அடிக்கக் கூடாது, விஷயம் தெரிஞ்ச ஆளா நான் அனுப்பறேன்'னு நீங்கதான் அவரைத் திருப்பி அனுப்பிட்டீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். அம்மாகூட, 'எங்கண்ணனுக்கு என்னைவிட இந்தக் கட்டை மேலதான் பாசம்'னு சிரிச்சாங்க."

மேஜை மேலிருந்த தண்ணீரை எடுத்துக் கொஞ்சம் குடித்தாள்.

"அப்பா இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. நான் கேட்டப்பகூட, 'விடும்மா, மாமா தாங்க மாட்டாரு'ன்னுட்டாரு. நானும் குத்திக்காட்ட வரல மாமா. உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. அப்பாவை விட்டுடுங்க, அவ்வளவுதான்."

போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். நல்ல பெண். கோபமாகக் கத்தியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

உத்தரவை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை காய்ச்சல் என்று லீவு சொன்னேன். காய்ச்சல் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஏழே கால் மணிக்கு அவள் போன் செய்தாள். உங்களிடம் இருக்கும் போன் பதிவில் நாற்பது வினாடி என்று இருக்கும்.

"மாமா, படிக்கட்டுச் சுவர்லேந்து மண்ணு உதிருது. சத்தம்கூட வருது. ஆனா கண்ணாடி முழுசா இருக்கு. நான் மாடியில இருக்கேன், இறங்கலாமா?"

"கண்ணாடி முழுசா இருந்தா என்னம்மா பயம்? நீ பாட்டுக்கு இறங்கு" என்றேன்.

அவள், "சரி மாமா" என்றாள். மாப்பிள்ளை கீழே கூடத்தில்தான் இருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

அவருக்காக வைத்த படி, சனிக்கிழமையிலிருந்து அவளுக்காக நின்றுகொண்டிருந்தது. நான்தான் கொன்றேன், தெரிந்தேதான் கொன்றேன். அப்படியே எழுதுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் சொன்ன அந்தக் கதையை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். பதினான்கு வயதில் பார்த்தது பிள்ளைகளுக்கு என்ன ஞாபகம் இருக்கும். காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டு, இடது கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு, "அஞ்சு நிமிஷ வேலை சார்" என்று இரண்டு தடவை கெஞ்சிய எந்தக் கார்பென்டரையும் நான் அந்த வீட்டிலிருந்து திருப்பி அனுப்பவில்லை.