டிக்கிக்குள் மூன்று தட்டு

மதியம் மூன்று மணி. வெயில் கொளுத்துகிறது. புதிதாகப் போட்ட புறவழிச்சாலை, இன்னும் போக்குவரத்துக்குத் திறக்கவில்லை... நாலு மைலுக்கு ஒரு காக்காய்கூடக் கிடையாது.

பேய்க் கதைக்கு மதியம் மூன்று மணியா என்று மூலையில் ஒருவர் சிரிக்கிறார். சிரியுங்கள். நடந்தது அப்போதுதான், அதற்கு நான் என்ன செய்ய? ராத்திரி பன்னிரண்டு மணிதான் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். அந்தக் கதவை மட்டும் யாராவது சாத்துங்கள், ஆடிக்கொண்டே இருக்கிறது.

என் சிநேகிதனின் அக்கா வீட்டுக்காரர் கார் மெக்கானிக். பழைய வண்டிகளை மட்டும்தான் தொடுவார். அவருக்குக் காதுக்காரர் என்றே பெயர். முழ நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இரும்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பார். எங்கே தேய்கிறது, எங்கே ஆடுகிறது என்று சொல்லிவிடுவார். தப்பியதே இல்லை. அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சத்தம் எப்படி வருகிறது என்று சொல்ல வண்டிக்காரர் வாயைத் திறந்தாலே அவருக்கு ஆகாது. "நீங்க சொல்லிட்டா என் காது அதையேதான் தேடும். சும்மா இருங்க" என்பார்.

அன்றைக்கு வந்தது அறுபது வருடத்துக்கு முந்தைய கறுப்பு வண்டி. கொண்டுவந்தவர் ஒரு வக்கீல். சிடுமூஞ்சி. மெக்கானிக் என்றாலே திருடன் என்று எப்போதோ தீர்ப்பு எழுதி வைத்திருந்தவர். டிக்கிப் பக்கம் ஏதோ சத்தம், ஓடும்போது மட்டும் என்றார். இதற்கு முன்னால் ஒருத்தர் பார்த்தபோது என்று ஏதோ சொல்ல வந்தார். காதுக்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அடுத்தவன் பார்த்த கதை எனக்கெதற்கு என்றார்.

ஓடும்போது மட்டும் வரும் சத்தத்துக்கு அந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. ஒருவர் ஓட்டுவார், மெக்கானிக் டிக்கிக்குள் படுத்துக் கேட்பார். மூடி சாத்தியிருக்க வேண்டும், திறந்திருந்தால் சத்தமே மாறிவிடும். உள்ளேயிருந்து திறக்க வழி கிடையாது. அதனால், "மூணு தடவை தட்டினா நிறுத்துங்க" என்று வக்கீலிடம் சொன்னார். சின்ன டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே சுருண்டார். டொப்பென்று மூடி விழுந்தது.

அந்த ஆளில்லாத புறவழிச்சாலையில் வண்டி கிளம்பியது. பெட்ரோல் வாடை. சூடான ரப்பர். கூடவே... மண்ணெண்ணெயில் கழுவிய கையின் வாடை. மெக்கானிக் கையில் இருக்கிற வாடைதான். ஆனால் அன்று அவர் கை கழுவியது சோப்பில்.

டொக். டொக். டொக்.

ஸ்க்ரூடிரைவரைச் சக்கரத்துப் பக்கம் வைத்துக் கேட்டார். இல்லை. ஸ்பிரிங்கில் இல்லை. டாங்கில் இல்லை. கடைசியில் முகத்துக்கு நேர் மேலே, மூடியில் வைத்தார்.

டொக். டொக். டொக்.

காதுக்குள்ளேயே விழுந்தது. மூடியின் உள்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தகரம் அதிர்ந்தது, உள்ளேயிருந்து யாரோ அடிப்பது போல. டார்ச் வெளிச்சத்தைத் திருப்பினார். மூடி முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். மூன்று மூன்றாக. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியின் பருமன்.

பயந்துவிட்டார். அதை அவரே மறைக்கவில்லை, நான் எதற்கு மறைக்க? கைப்பிடியால் மூன்று தடவை ஓங்கித் தட்டினார். வேகம் குறைந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார்... வண்டி மறுபடி வேகம் எடுத்தது.

டார்ச்சைத் துப்பிவிட்டுக் கத்தினார். தட்டினார், உதைத்தார். நிற்கவில்லை. தரையில் துரு தின்ற ஓட்டை வழியாக சைலன்சர் புகை ஏறிக்கொண்டிருந்தது. தலை கிறுகிறுத்தது. தூக்கம் தூக்கமாக வந்தது. தூங்கினால் அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும்.

மனுஷன் கெட்டிக்காரர். டாங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயில் ஒரு சாண் ரப்பர் டிக்கியின் ஓரமாகப் போகிறது. இருட்டில் துழாவிப் பிடித்தார். மடக்கி, இரண்டு கையாலும் நெரித்தார். பெட்ரோல் போகாவிட்டால் வண்டி நின்றுதானே ஆக வேண்டும்?

அப்போது அவர் விரல்களை யாரோ பிரிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றாக... பொறுமையாக. வழவழவென்ற விரல்கள். மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. சுண்டுவிரல் போயிற்று. மோதிரவிரல் போயிற்று. அவர் பல்லால் ரப்பரைக் கடித்துக்கொண்டார்.

இன்ஜின் இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றது.

மூடியைத் திறந்தார் வக்கீல். காதுக்காரர் தார் ரோட்டில் உருண்டு விழுந்து வாந்தி எடுத்தார். ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கவே அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது.

வக்கீல் அப்போதுதான் சொன்னார். முதலில் வந்தது வேறு சத்தமாம், கிர்ரென்று. அதைக் கேட்க ஒரு மெக்கானிக் இதே டிக்கியில் படுத்திருக்கிறார். அவர் தட்டியதையும் வண்டிச் சத்தம் என்று நினைத்து, வக்கீல் ஒரு மணி நேரம் ஓட்டியிருக்கிறார். திறந்தபோது மூச்சு இல்லை. அன்றிலிருந்து இந்தச் சத்தம். சொல்லத்தான் வந்தேன், நீங்கள் விடவில்லையே என்றார். தெரிந்துகொண்டே இன்னொரு மனுஷனை உள்ளே வைத்துச் சாத்தியிருக்கிறார், பாருங்கள். அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னைக்கு நான் தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சா, இல்லையா சார்?"

"கேட்டுச்சு. முதல் தடவை தட்டினப்பவே நிறுத்தத்தான் போனேன். நீங்கதான பின் சீட்டுக்குப் பின்னால இருந்து சொன்னீங்க... 'அது நான் இல்ல, வண்டிச் சத்தம்தான், ஓட்டுங்க'ன்னு."

காதுக்காரர் டிக்கிக்குள் உருண்டு கிடந்த டார்ச்சைப் பார்த்தார். முதல் தடவை தட்டியபோது அது அவர் பல்லில் இருந்தது.