மருந்தடிக்கக் கூடாத பாதி

டெல்லியில் முனிர்கா போகும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தியின் ஷூவில் வயல் மண் காய்ந்திருந்தது.

“எல்லாச் செடியும் நல்லா இருக்குடி. எனக்கு அழுகையா வருது” என்றாள் அவள்.

“நல்லா இருந்தா என்ன?”

“சுகர் பீட் கிழங்குச் செடிக்கு இலைப்புள்ளி நோய் வரணும். அந்தப் பூஞ்சைய நானே வளர்த்து நானே தெளிச்சேன். பாதி வயலுக்கு மருந்து, பாதிய சும்மா விடணும். அப்பதான் மருந்து கேக்குதான்னு தெரியும்.”

“நோய் வரலியா?”

“வர ஆரம்பிச்சுது. தண்ணி பாய்ச்சற பண்ணைக்காரர், மேடமோட செடி பாவம்னு அந்தப் பாதிக்கும் மருந்தடிச்சுட்டார்.”

“அச்சா! திட்டினியா?”

“எங்க திட்டறது? ஞாயித்துக்கிழமை லீவ விட்டுட்டு வந்து அடிச்சிருக்கார். தாங்க்ஸ் சொல்வேன்னு சிரிச்சுக்கிட்டு நிக்கறார்.”

“அப்ப தீசிஸ்?”

“இந்த வருஷம் போச்சு. குளிர் ஆரம்பிச்சதும் மறுபடி விதைக்கணும்.”

“உன் கல்யாணத்த ஏற்கனவே ஒரு தடவ தள்ளியாச்சேடி.”

அவள் கம்பியை மாற்றிப் பிடித்தாள்.

“கட்டிக்கப் போறவர்கிட்ட, இன்னும் ஒரு வருஷம் ஆகும்னு இன்னிக்கு சொல்லிடணும். போன் பண்றப்ப நீ பக்கத்துல இரு.”