ஹாலிஸின் சிவப்பு நூல்

வெர்னா: இல்ல ஹாலிஸ். மூணாவது தடவையும் பாத்துட்டேன். வாக்காளர் பட்டியல்ல உன் பேர் இல்ல.

ஹாலிஸ்: கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரு அம்மணி. ரோடே இல்லாத காலத்துல, கரடிக்குப் பின்னால வரிசையில நின்னு ஓட்டுப் போட்டவன் நான்.

வெர்னா: கரடி பேர் இருந்தாலும் இருக்கும்...

ஹாலிஸ்: இங்க குடுக்குற 'ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கர் இல்லாம தேர்தல் நாள்ல என்னைப் பாத்திருக்கியா? அதக் காட்டினா கடையில குடுக்குற ஓசி டோனட்டத் தின்னே மூணு பல்லு போச்சு.

வெர்னா: முப்பது வருஷமா இதே மேசையில உக்காந்து பாத்துட்டுத்தானே இருக்கேன்.

ஹாலிஸ்: அப்ப... திரும்பிப் போகவா? தீயணைப்பு நிலையத்துக்கு வரிப்பணம் குடுக்கலாமான்னு போன தடவ ஓட்டுக்கு விட்டு, ஒரே ஓட்டு குறைஞ்சு தோத்துச்சு. இன்னிக்கும் தோத்தா பூட்டிடுவாங்க. ஆகஸ்ட்ல தீ என் வேலி வரைக்கும் வந்து, கோழிங்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு.

வெர்னா: யாரு போகச் சொன்னா? தற்காலிக ஓட்டு போடலாம். இந்தப் படிவத்துல இப்பவே பேரைப் பதி. சீட்டுல ஓட்டப் போட்டு, இந்த உறையில வெச்சு ஒட்டு.

ஹாலிஸ்: உறை நேரா குப்பைக்கு...

வெர்னா: மாவட்ட ஆபீசுக்குப் போகும். நீ இந்த ஊர்தானா, வேற எங்கயாவது போட்டியான்னு சரிபாத்துட்டு, பிரிச்சு எண்ணுவாங்க.

ஹாலிஸ்: எண்ணினாங்கன்னு எனக்கு யாரு சொல்லுவா?

வெர்னா: இந்தத் துண்டுச் சீட்டுல நம்பர் இருக்கு. போன் பண்ணிக் கேளு. கரடிக் கதை மட்டும் வேணாம்.

ஹாலிஸ்: சரி, சரி... 'இதற்கு முன் எங்கே பதிந்திருந்தீர்கள்'... இதுல என்ன எழுத?

வெர்னா: உண்மைய எழுது. கீழ சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும்.

ஹாலிஸ்: அப்ப... காலியாத்தான் விடணும்.

வெர்னா: ம்?

ஹாலிஸ்: எங்கயும் பதிஞ்சதில்ல, வெர்னா. எழுபத்திநாலு வயசுல இதான் முதல் ஓட்டு. போன தடவ குறைஞ்ச அந்த ஒண்ணு... என்னோடது. எவன்டா போடாம விட்டவன்னு டோனட் கடையில கத்துனதும் நான்தான்.

வெர்னா: தெரியும்யா. உன் பொண்டாட்டி நாடீனோட சிவப்புக் கம்பளிக் கோட்டுல ஸ்டிக்கர ஒட்டி விடுறதே நான்தான். அரை மணி நேரத்துல அது உன் சட்டையில இருக்கும், ஓரத்துல சிவப்பு நூலோட. போ, போட்டுட்டு வா. நூல் இல்லாத ஸ்டிக்கர் ஒண்ணு உனக்குன்னு காலையில ஏழு மணிக்கே எடுத்து வெச்சிருக்கேன்.