சக்கரவர்த்தி மறந்த வரி

இல்லம்மா, நல்லாத்தான் எழுதியிருக்கே. குறை சொல்லல. ரெண்டாவது பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை பார்க்கலாமான்னுதான் கேட்டேன். நாளைக்குக் காலைல நாடகக் கொட்டகைக்கு உங்கப்பா பேரை வைக்கறாங்க. ஊரே வந்து நிக்கும், அவங்க முன்னால நீ இந்தப் பேச்சைப் படிக்கப் போறே. படிச்சதுக்கப்புறம் மாத்த முடியாதில்லையா, அதான்.

அந்த செர்ரிப் பாகு ஒரு கரண்டி எடுத்துக்கோ ஸ்மராந்தா. என் தங்கச்சி போட்டு அனுப்பினது. மேல தண்ணி குடி, ரொம்பத் தித்திக்கும். புக்காரெஸ்ட்லேர்ந்து அஞ்சு மணி நேரம் ரயில்ல வந்திருக்கே.

முன் வரிசையெல்லாம் எனக்கு எதுக்கு. நீ எழுதியிருக்கற அந்த நாடகத்துல இருந்தவங்கள்ல நான் ஒருத்தன்தான் மிச்சம், சரி. ஆனா நான் நடிகன் இல்லையே. மேடைக்கு முன்னால ஒரு பொந்து இருக்கும். அதுக்குள்ள உக்காந்து, வசனம் மறந்தவங்களுக்கு எடுத்துக் குடுக்கறவன். சனங்களுக்கு என்னை மறைக்கற பலகைதான் தெரியும். உங்கப்பா என்னை எலின்னுதான் கூப்பிடுவாரு. டேய் எலி, இன்னிக்கு முழிச்சுக்கிட்டு இருப்பியா, இல்ல பாலாடைக்கட்டி காட்டணுமாம்பாரு. கட்டி எங்க கெடைச்சுது அந்த வருஷம். எண்பத்தஞ்சாம் வருஷக் குளிர்காலம்.

நீ பார்க்கல, ஆமா, உனக்கு அப்ப ஆறு வயசு. ஹெலியோகபாலுஸ்னு ரோமாபுரியில ஒரு சக்கரவர்த்தி. மயில் நாக்கை வறுத்துத் தின்னுட்டு, விருந்துக்கு வந்தவன் மேல மூச்சு முட்டற அளவு ரோஜாப்பூ கொட்டறவன். பதினெட்டு வயசுப் பையன். உங்கப்பாவுக்கு நாப்பத்தாறு, தொந்தி வேற. வெள்ளைத் துணியைச் சுத்திக்கிட்டு, கால்ல கம்பளிக் காலுறையோட ரெண்டு படி இறங்கினாலே சனம் சிரிக்கும். வேஷத்துக்காக இல்ல அந்தக் காலுறை. கொட்டகையில கணப்பு போட அனுமதி கெடையாது. பார்க்க வந்தவங்களும் ஓவர்கோட்டு, தொப்பி, கையுறையோடதான் உக்காந்திருப்பாங்க. கையுறையோட கைதட்டினா எப்படி இருக்கும் தெரியுமா, பக்கத்து வீட்ல யாரோ தலகாணியைத் தட்டற மாதிரி.

மயில் காகிதக்கூழ்ல பண்ணினது. கறி அடைச்ச சாசேஜ் மட்டும் முதல் நாள் நிஜமாவே வச்சாங்க. முன்வரிசைல ஒரு கிழவர். உங்கப்பா அதை வாய்க்கிட்ட கொண்டு போறப்ப அவர் வாயும் தெறந்துச்சு. உங்கப்பாவால அப்புறம் முழுங்க முடியல. மறுநாள்லேர்ந்து சாயம் பூசின கட்டை.

அதுக்கு முன்னாடியே தணிக்கைக் குழு வந்து பார்த்தாச்சு. கட்சி ஆபீஸ் ஆளுங்க அஞ்சு பேர், காலிக் கொட்டகையில நடுவுல உக்காந்து. சிரிப்பு நாடகத்தை அஞ்சு பேரும் சிரிக்காம பார்த்தாங்க. அடுத்தவன் சிரிச்சுடறானான்னு ஓரக்கண்ணால வேற பார்த்துக்கிட்டாங்க. ரெண்டாவது அங்கத்துல ஒரு இடம். அடிமை ஓடி வந்து, சீசர், சனங்க குளிர்ல நடுங்கறாங்கம்பான். சக்கரவர்த்தி சன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு, நடுங்கலடா மடையா, உடம்பு முழுசாலயும் எனக்குக் கைதட்டறாங்கன்னு சொல்லணும். ரேடியோவுல நாட்டுத் தலைவர் பேர் வந்தாலே கைதட்டின காலம்மா அது. இந்த வரி யாரைச் சொல்லுதுன்னு பச்சப் புள்ளைக்கும் தெரியும். குழுத் தலைவர் என் பிரதியை வாங்கி, சிவப்புப் பென்சிலால அதை அடிச்சாரு. அதுக்குப் பதிலா ஓரத்துல அவரே ஒரு வரி எழுதினாரு. நாளைக்கு விறகு அனுப்புவோம். பத்தொன்பது தடவை உங்கப்பா விறகு அனுப்பினாரு. ஒருத்தரும் சிரிக்கல.

இருபதாவது தடவைதான் நீ எழுதியிருக்கறது. சன்னலை விட்டுத் திரும்பினார், ஒரு கணம் யோசித்தார், பிறகு துணிந்து அடித்த வரியைச் சொன்னார். இந்த ஒரு கணம் யோசித்தார்ங்கற இடம். யார் சொன்னது உனக்கு? அம்மாவா. அவங்க அன்னிக்குக் கொட்டகைக்கே வரலையே. உனக்கு ஜுரம், உன் பக்கத்துலதான் இருந்தாங்க. உங்கப்பா உனக்குப் பால் வாங்க விடிகாலை நாலு மணிக்கே வரிசையில போய் நின்னவரு. தூங்காத கண்ணோட மேடை ஏறினாரு.

யோசிக்கலம்மா. மறந்துட்டாரு.

கோச்சுக்காத. நடிகன் மறக்கறது ஒண்ணும் குத்தமில்ல, அதுக்குத்தான் என்னை வச்சிருந்தாங்க. திரும்பினாரு, கண்ணு நேரா என் பொந்துக்கு வந்துச்சு. கிணத்துல விழுந்தவன் மேல பார்ப்பானே, அப்படி. அந்த நேரத்துல நடிகனுக்கு மூளை வேலை செய்யாது. காதுல என்ன விழுதோ அதுதான் வாயில வரும். ரெண்டு வரியும் என் விரலுக்குக் கீழ இருந்துச்சு. அடிச்ச வரியைத்தான் எடுத்துக் குடுத்தேன்.

தெரியல. ஏன் அப்படிச் செஞ்சேன்னு இருபத்தேழு வருஷமா நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். தைரியம்னு கொஞ்ச நாள் நெனச்சுக்கிட்டேன். தைரியமா இருந்தா நானே எழுந்து நின்னு கத்தியிருக்கணும். அவர் மேல பொறாமையோன்னும் பார்த்தேன், அதுவும் சரியா வரல. நல்ல வரிம்மா அது. பத்தொன்பது நாள் என் கண்ணு முன்னால கோடு கிழிச்சுக் கெடந்துச்சு. ஒரே ஒரு தடவை அதுக்கு சனங்க சிரிச்சுக் கேக்கணும்னு இருந்துச்சு. அது அவர் உசுரு மேல ஏறி உக்காரும்னு தெரியாதான்னு கேளு. தெரியும்னுதான் நெனைக்கறேன்.

முதல்ல மேல்மாடியில ஒரு பொம்பளை சிரிச்சா. அப்புறம் கொட்டகையே. கையுறையைக் கழட்டிட்டுத் தட்டினாங்க. மூணு நிமிஷம் இருக்கும். உங்கப்பாவுக்கு அப்பதான் என்ன சொன்னோம்னே புரிஞ்சுது. குனிஞ்சு என்னைப் பார்த்தாரு. திட்டற பார்வை இல்ல. திட்டியிருந்தா தேவல. கொட்டகையோட அந்தச் சிரிப்பு என் காதுல இன்னும் நிக்கலம்மா. டிராம்ல பின்னால யாராவது சிரிச்சா, அடுத்த நிறுத்தத்துல இறங்கிடுவேன்.

அப்புறம் தண்டனையா சிமெண்டு ஆலை, மூட்டை, ரெண்டு குளிர்காலம், நுரையீரல், கல்லறை. அது உனக்குத் தெரியும்.

ரகசியப் போலீஸ் கோப்புல நீ பார்த்தது நெசந்தான். வரியை நானாகத்தான் சொன்னேன், யாரும் எடுத்துக் கொடுக்கவில்லைன்னு அவர் கைப்பட எழுதியிருக்காரு. அதை உன் பேச்சுலேர்ந்து எடுத்துடாத. மறந்து நின்ன மனுஷன் அப்படி எழுதினா யாருக்காக எழுதினாருன்னு நீயே பார்த்துக்கோ. அவர் துணிஞ்சது அந்தப் போலீஸ் மேஜை முன்னால. நாளைக்கு அதைச் சொல்லு. என் பேரையும் சொல்லு, பரவாயில்ல.

விசாரிச்சாங்களே, என்னையும்தான். வெள்ளிக்கிழமை என்னை, சனிக்கிழமை அவரை. அன்னிக்கு நான் எழுதின காகிதம் உனக்குக் குடுத்த கோப்புல இல்ல போல, இருந்திருந்தா நீ இந்த வீட்டு வாசப்படி ஏறியிருக்க மாட்டே. அடிக்கல. மிரட்டக்கூட இல்ல. காபி குடுத்தாங்க, கடையில கண்ணால பார்க்க முடியாத நிஜக் காபி. எந்த வரியை எடுத்துக் குடுத்தேன்னு கேட்டாங்க. விறகு வரியைத்தான் குடுத்தேன், அவரா மாத்திச் சொல்லிட்டாருன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காபி ஆறல, அதுக்குள்ள முடிஞ்சுடுச்சு.

இது அவருக்குத் தெரியாதும்மா. என்னைக் காப்பாத்தப் போறோம்னு நெனச்சுக்கிட்டுத்தான் மறுநாள் உள்ள போனாரு.