முக்காட்டுத் துணிக்குக் கீழே இருப்பவர்

"ஓடுங்க! கயித்த உட்டுட்டு ஓடுங்க!"

யாரும் விடவில்லை. கரையில் நின்று இழுக்கிற கரைவலைக் கயிறு அப்படி. ஒருவன் விட்டால் வலை கோணும், மீன் போகும். பிடித்த கை தானாக விடாது. இரண்டாவது ஷெல் விழுகிறது. மணல் எழும்பி என் வாய்க்குள் வருகிறது.

சாய்ந்தமருதுக் கடற்கரை. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த நேரம். நான் தேத்தண்ணிக் கேத்தலோடு கரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடலில் சாம்பல் நிறத்தில் இரண்டு பீரங்கிப் படகுகள். யாருடையவை என்று இன்றைக்கும் ஆளுக்கொரு கதை. நான் கண்டது நிறத்தை மட்டும். முதலில் ஒரு வெளிச்சம். பிறகு நெஞ்சில் இடிக்கிற 'டும்'. பிறகு ஒரு விசில். விசில் நின்றால் விழப்போகிறது.

"படுங்க! படுங்க!"

என் கணவர் இப்றாகீமும் அவருடன் பிறந்த காக்காவின் மகன் நசீரும் மீன் சேரும் வலைமடிக்குப் பின்னால் தோணியில் நின்றார்கள். விசில் நிற்கிறது. தோணி நின்ற இடத்தில் தண்ணீர் எழுந்து விழுகிறது. தோணி இல்லை.

கரையில் கயிற்றின் தலைப்பில் கோபால் கிடந்தார். பாண்டிருப்புக்காரர். அவருடைய தமிழ் ஊரும் எங்கள் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. வீதியால் வந்தால் வம்பு. அதனால் விடியுமுன் கடலோரமாகவே நடந்து வருவார். அவர் கை படாமல் என் கணவர் வலை வளைக்க மாட்டார். கயிறு இன்னும் அவர் கையிலிருந்தது. கண் திறந்திருந்தது. போர்த்த ஒன்றும் இல்லை. முக்காட்டை உருவிப் போர்த்தினேன். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

அந்த நேரம்தான் பத்திரிகைக் கமராக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். நான் காணவில்லை.

இப்போது நகர மண்டபத்தில் அந்தப் படங்கள் தொங்குகின்றன. பழைய படக் கண்காட்சியாம். பிளந்த தோணி. தலை போன தென்னைகள். மூன்றாவது படத்தில் நான், வெறுந்தலையோடு. கீழே எழுதியிருக்கிறார்கள்: 'கணவரின் ஜனாஸாவருகே மனைவி.'

முதலில் கண்டவன் என் மகன் ரிஸ்வி. ஷெல் விழுந்த அன்று அவன் என் வயிற்றில் இருந்தான். வீட்டில் இருந்த படங்களையெல்லாம் அவனுக்கு விவரம் தெரியுமுன் சுனாமி கொண்டு போனது. வாப்பாவின் முகம் அவனுக்குத் தெரியாது. நேற்றுப் பின்னேரம் ஓடி வந்தான்.

"உம்மா, வாப்பாட படம் கிடைச்சிரிக்கி! முகம் தெரியல்ல. ஆனா காலப் பாருங்க, என்ட கால் மாதிரியே இரிக்கி."

போனில் எடுத்து வந்த படத்தைக் காட்டினான். போனை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சோறு போட எழுந்தேன். ராத்திரி அவன் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்று காலை மண்டபத்துக்குக் கூட்டிப் போனான். அங்கே பொறுப்பாக நின்ற டீச்சரிடம் கேட்டான்.

"டீச்சர், உம்மா முக்காடு இல்லாம நிக்கிறா. ஊர் சனமெல்லாம் பாக்கும். உம்மாவ வெட்டிட்டு வாப்பாவ மட்டும் வெச்சித் தாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகன்மீது இல்லை. அவன் என்ன கண்டான்? அன்று பேசாமல் இருந்த வாய்களை நினைத்துத்தான்.

என் கணவரைக் கடல் பின்னேரம்தான் தந்தது. நசீரை மறுநாள். இரண்டு ஜனாஸாவும் அடக்கத்துக்கு மையவாடிக்குப் போயின. பள்ளிவாசலில் இறந்தவர்கள் இரண்டு பேர் என்று எழுதினார்கள். ஊர் அதையே சொன்னது. கோபாலை ஆண்கள் அவசர அவசரமாகக் கடலோர மணலில் புதைத்தார்கள். தமிழ் ஆள் நம் கரையில் மவுத்தாகிக் கிடந்தார் என்று தெரிந்தால் பழி நம் தலையில் விழும் என்ற பயம். பயந்தவர்களை நான் ஏசவில்லை. ஆனால் அவருடைய தங்கச்சி தேடி வந்தாளே!

நான் இத்தாவில் இருந்தேன். புருஷன் போனவள் பிள்ளை பெறும் வரைக்கும் வெளி ஆணின் கண்ணில் படக்கூடாது. திரைக்குப் பின்னால் இருந்து கேட்டேன். வாசலில் அவள் குரல்.

"எங்கட அண்ணன் இஞ்ச வந்தவரா?"

"இல்ல தங்கச்சி. அண்டைக்கு வரல்ல." வாசலில் நின்ற ஊர் ஆண்களில் ஒருவர் சொன்னார்.

"வந்தவர்! வந்தவர்!" என்று உள்ளிருந்து கத்தினேன். மாமி என் வாயைப் பொத்தினார். அவள் போய்விட்டாள். பிள்ளை பெற்று வெளியே வந்தபோது அந்தக் குடும்பம் இடம்பெயர்ந்திருந்தது. பாண்டிருப்பில் வீடு வீடாகக் கேட்டேன். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மணலில் இருந்த குழியையும் பிறகு சுனாமி எடுத்தது. அந்த மனிதர் வந்ததற்கும் போனதற்கும் இந்தப் படம் ஒன்றுதான் மிச்சம்.

மண்டபத்தில் ரிஸ்வியின் கையைப் பிடித்தேன்.

"மனே, அது உன்ட வாப்பா இல்ல."

அவன் சிரித்தான். "என்ன உம்மா கதைக்கிறீங்க?"

"போத்தினது நான். எனக்குத் தெரியாதா? அது கோபால். உன்ட வாப்பாட கூட்டாளி."

அவன் படத்தைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். பிறகு வெளியே போய்ச் சுவரோடு நின்றுகொண்டான். போய்க் கட்டிப்பிடிக்க நினைத்தேன். அதற்கு முன் ஒரு வேலை இருந்தது.

டீச்சரிடம் சொன்னேன். "என்ன வெட்ட வேணாம். வெறுந்தல வெறுந்தலயாவே இரிக்கட்டும். கீழ இரிக்கிற எழுத்த மாத்துங்க. நான் சொல்றன், நீங்க எழுதுங்க."

அவர் பேனா எடுத்தார். போனவற்றின் கணக்காக நான் சொன்னது இது.

தோணி ஒன்று. கரைவலை ஒன்று. தென்னைகளை எண்ணவில்லை. இப்றாகீம், என் கணவர். நசீர், அவருடைய காக்காவின் மகன், கல்யாணம் பேசியிருந்தது. கோபால், பாண்டிருப்பு, ஒரு தங்கச்சிக்கு அண்ணன். இரண்டு பேர் இல்லை, மூன்று பேர்.

இன்னும் ஒன்று. என் மகனுக்கு அவன் வாப்பாவின் படம். ஒரு ராத்திரி இருந்தது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.