பனி பார்க்காத ஆசான்

ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீரை நான் குடிப்பதில்லை. குடித்தால் இரண்டு நாளைக்குத் தொண்டை கட்டிவிடும். கனடாவின் பனியில் கார் ஓட்டுவது எப்படி என்று மூன்று வருடமாகப் பாடம் நடத்திய ஆளின் யோக்கியதை இது. முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்ல எனக்கும் சுலபம்.

பெயர் தாணுகுமார், வயது ஐம்பத்தாறு. சுசீந்திரத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். எல்லாருக்கும் நான் 'ஆசான்'. அதற்கு முன் சௌதியில் பதினெட்டு வருடம் தண்ணீர் லாரி ஓட்டினேன். பாலைவன மணலில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதில் மட்டும் பொய் இல்லை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நர்ஸ் வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் கனடா போகத் தொடங்கியபோது, பனியில் ஓட்டக் கற்றுத் தருவீர்களா என்று ஒருத்தர் கேட்டார். எங்கள் ஊரில் வழி கேட்டால் தெரியாது என்று சொல்லும் ஆளை நான் பார்த்ததில்லை. எங்கேயாவது கையை நீட்டிவிடுவோம். நானும் நீட்டினேன்.

யோசித்துப் பார்த்தேன். மணலிலும் டயர் வழுக்கும், பனியிலும் வழுக்கும். நிறம்தானே வேறு? மணலில் டயர் காற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் வண்டி புதைந்துவிடும். இதையே சுவரில் பெரிதாக எழுதி வைத்தேன். மேலே 'பனிப் பாடம்' என்று தலைப்பு, பக்கத்தில் ஒரு பெங்குவின் படம். கனடாவில் பெங்குவின் கிடையாது என்று ஒரு பெண் சொன்னாள். அவளுக்கு விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

பயிற்சி கடற்கரை மணலில். கடைசி நாள் எல்லாரையும் பக்கத்திலிருக்கும் புத்தளம் உப்பளத்துக்கு அழைத்துப் போய், உச்சி வெயிலில் ஸ்வெட்டர் மாட்டிவிட்டு, உப்புக் குவியலுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பேன். அந்தப் படம்தான் சான்றிதழில் இருக்கும். ஜெரிஷ் கொடுத்த புகார் அந்தச் சான்றிதழைப் பற்றியது. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு நீங்களும் அதைப் பற்றியே கேட்கிறீர்கள். அது சின்ன விஷயம் சார்.

ஜெரிஷ் என்னுடைய முதல் மாணவன். போன டிசம்பரில் கனடாவிலிருந்து குரல் பதிவு ஒன்று அனுப்பினான். "ஆசானே, நீங்க சொன்ன மாதிரி காத்த கொறைச்சிட்டு கால எடுக்காம மிதிச்சேன். வண்டி மூணு சுத்து சுத்தி ஓடைக்குள்ள கெடக்கு. எனக்க கால் ஒடிஞ்சு போச்சு. இங்க உள்ளவங்க சொல்லுதாவ, காத்து கொறைக்கப் பிடாது, பைய போவணும், முன்னால போற வண்டிக்கும் நமக்கும் நல்ல எடம் விடணுமாம். இனி வாறவங்களுக்கு மாத்திச் சொல்லிக் குடுங்க, என்னா?"

நான்கு முறை கேட்டேன், அதில் ஒரு முறை குளியலறைக்குள் நின்று. பிறகு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அவனுக்கு அனுப்பினேன். பாடத்தை மாற்றவில்லை. மாற்றினால் சுவரை அழிக்க வேண்டும். அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுத எனக்கு வேறு எதுவும் தெரியாது.

ரெனிஷா அதற்குப் பிறகு சேர்ந்தவள். நர்ஸ், இருபத்தாறு வயது. நான் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்ட ஒரே ஆள். என் பேச்சை ஒருத்தர் எழுதி வைக்கிறார் என்பது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இந்த நவம்பரில், காலை ஏழு மணி வகுப்பில் இருந்தபோது அவள் கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம், இரவு டூட்டிக்குக் கிளம்பும் நேரம். கனடாவிலிருந்து எனக்குப் போன் வருவதை எதிரே இருந்தவர்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆசானே, இண்ணைக்குத்தான் மொத மொதல்ல பனி விழுந்திருக்கு. ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி கெடக்கு. கூட வேலை பாக்குற அக்கா சொல்லுதா, டயர்ல காத்து கொறைக்கப் பிடாது, பைய போவணும்னு. நீங்க சொன்னது வேறல்லா? எது சரி?"

சரியான பதில் கையில் இருந்த அதே போனில்தான் இருந்தது. எதிரே எட்டுப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த அக்கா எந்த ஊருக்காரி?" என்றேன்.

"கேரளா, ஆசானே."

"அவளுக்குப் பனியப் பத்தி என்ன தெரியும்? நான் சொன்னதச் செய்யி மக்கா."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். சரி ஆசானே என்று வைத்துவிட்டாள்.

அவள் கிளம்ப இன்னும் அரைமணி நேரம் இருந்திருக்கும். தனியாகப் போய்த் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. கடைக்குப் போய்ப் புட்டும் பயறும் பப்படமும் சாப்பிட்டேன். பப்படம் இரண்டு.

வளைவில் வண்டி வழுக்கியிருக்கிறது. அவள் காலை எடுக்கவில்லை. எதிரே லாரி.

பதினெட்டு நாள் கழித்துப் பெட்டி வந்தது. அடக்கம் முடிந்த வாரம் அவள் அம்மா செல்லக்கனி என்னைத் தேடி வந்தார். அடிக்க வருகிறார் என்று நினைத்தேன். கையிலிருந்த போனைக் காட்டினார். "சாரே, அவ எனக்குக் கடேசியா அனுப்புனது இது. 'ஆசான் சொன்ன மாதிரி காத்து கொறைச்சாச்சு, பயப்படாண்டாம்மா'ன்னு. நீங்க சொல்லிக் குடுத்ததுல ஒண்ணுகூட அவ மறக்கல்ல."

நான் அழுதேன். நிஜமான அழுகைதான். ஆனால் உண்மையைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் அல்லவா, அதனால் இதையும் சொல்கிறேன்: மறக்கவில்லை என்று அவர் சொன்னபோது உள்ளே ஓரத்தில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஆகவே சான்றிதழ் போலிதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேலும் எழுதிக்கொள்ளுங்கள். என் பாடம் தவறு என்று எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். ரெனிஷா கேட்ட அன்றும் தெரியும். எட்டுப் பேர் முன்னால் முகம் சிறுத்துப் போகக் கூடாது என்பதற்காகத் தெரிந்தே அவளை அந்த ரோட்டுக்கு அனுப்பினேன். அவளைக் கொன்றது நான்.

ஒரே ஒரு வேண்டுகோள் சார். இந்தத் தடவை படித்து முடித்த ஒன்பது பேருக்கு அடுத்த மாதம் பயணம். அவர்கள் காதுக்கு இது போக வேண்டாம். ஆசான் மேல் இருக்கிற நம்பிக்கையும் போய்விட்டால், அந்தப் பிள்ளைகள் அங்கே என்ன தைரியத்தில் வண்டியை எடுப்பார்கள்?