சூடேறினால் எடை கூடும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அண்ணியும் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் எம்.எஸ்ஸி. இயற்பியல் சேர நேர்காணலுக்குப் போய்த் திரும்புகிறாள் என்பது பேச்சில் தெரிந்தது.

“ஆறிப்போன தோசைக்கல்லவிட, சூடா இருக்கறப்ப அதே கல்லு எடை ஜாஸ்தின்னு சொல்லிட்டேன் அண்ணி.”

“இன்னாடி சொல்ற? சூடு பண்ணா எடை எப்படி ஏறும்?”

“ஏறும் அண்ணி. சூடும் ஒரு ஆற்றல்தான். ஆற்றல் சேந்தா நிறையும் சேரும். ரொம்பக் கம்மி, எந்தத் தராசுலயும் தெரியாது. ஆனா ஏறும்.”

“அவங்க இன்னா சொன்னாங்க?”

“ஒரு சார் சிரிச்சாரு. ‘நல்லா யோசிச்சி சொல்லும்மா, வேணும்னா மாத்திக்கோ’ன்னாரு. மாத்த மாட்டேன் சார்னு சொல்லிட்டு, கணக்குப் போட்டே காட்டுனேன்.”

“அப்புறம்?”

“‘நான் சிரிச்சதும் எல்லாரும் மாத்திக்கினாங்க, நீ ஒருத்திதான் மாத்தல’ன்னாரு. சீட்டு கெடைச்சிடுச்சி அண்ணி!”

அண்ணி அவளைக் கட்டிக்கொண்டாள். மலையில் சிக்னல் போய்விடுமே என்று அவசரமாகக் கணவனுக்கு போன் போட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“இன்னாங்க, ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க யாரும் வர வேணாம்னு சொல்லிடுங்க. உங்க தங்கச்சி படிக்கப் போறா!”